காமாட்சி என்று கூப்பிட்டால் யார் திரும்புவது

1

எனக்கு எழுபத்தாறு வயது. மூன்று பெண், ஒரு பிள்ளை, ஆக நாலு பேரை வளர்த்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த நாவல் மரத்தடியில் போயிற்று. எழுத்துப் பிழை இருந்தால் நாவல் மரத்தைத் திட்டிக்கொள்ளுங்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நம் தெருக்காரர்கள் பொங்கல் மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று என் பிள்ளை சேகருக்குச் செய்தி வந்தது. அவன் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தான். அரைமணி நேரம் ஆயிற்று, "வணக்கம்" என்பதைத் தாண்டவில்லை. ஒரு நோட்டும் பேனாவும் கொடு, நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவன் காலையில் ஆபீஸ் போகிறான், சாயங்காலம் வருகிறான். வீட்டில் நடப்பது எனக்குத்தானே தெரியும்?

நான் இருப்பது நெதர்லாந்து தேசத்தில், ஐந்தோவன் என்கிற ஊரில். வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே மழை நம் ஊர் மழை மாதிரி வந்து கொட்டிவிட்டுப் போகாது. சம்பந்தி வீட்டார் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மழையிலும் தொண்ணூறு வயதுக் கிழவி சைக்கிளில் போகிறாள். என்னையும் ஏறச் சொன்னார்கள். எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசை என்று சொல்லிவிட்டேன்.

நாளை மறுநாள் இந்த வீட்டுச் சின்னக் குட்டிக்கு ஒரு வயது. அவள் பெயர் காமாட்சி. என் பெயரும் காமாட்சி. அந்தப் பெயர் அவளுக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

2

காஞ்சிபுரத்தில் காமாட்சி என்று பெயர் வைக்க யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. நம் ஊர்ச் சிவன் கோவில்கள் எதிலும் அம்மனுக்குத் தனிச் சந்நிதி கிடையாது. ஊருக்கெல்லாம் சேர்த்து அவள் ஒருத்திதான். அதனால் வீட்டுக்கு ஒரு காமாட்சி. தெருக் குழாயடியில் நின்று "காமாட்சி" என்று குரல் கொடுத்தால் ஆறு குடம் கீழே இறங்கும். குழப்பம் வரக்கூடாது என்று கோடிவீட்டுக் காமாட்சி, மாடிவீட்டுக் காமாட்சி, சரிகைக் காமாட்சி, பல்லுக் காமாட்சி என்று பிரித்து வைத்திருந்தோம். நான் வாழ வந்தவள் ஆகையால் முசரவாக்கத்துக் காமாட்சி.

பெயருக்கு அர்த்தம் என்ன என்று ஒருமுறை கோவில் குருக்களைக் கேட்டேன். வடமொழிப் பெயர் என்றார். கா என்றால் சரஸ்வதி, மா என்றால் லட்சுமி, அட்சி என்றால் கண். இரண்டு பேரையும் இரண்டு கண்ணாக வைத்திருப்பவள் என்று ஒரு அர்த்தம். காமம் என்றால் விருப்பம், நாம் விரும்புவதைக் கண்ணாலேயே கொடுப்பவள் என்று இன்னொரு அர்த்தம். எது சரி என்றேன். "ரெண்டும் சரிதான்மா, நகருங்க, பின்னால கூட்டம் நிக்குது" என்றார்.

என் அம்மா எழுத்தே தெரியாதவள். மாசித் திருவிழாவுக்கு முசரவாக்கத்திலிருந்து நடந்தே வந்து தேர் பார்த்துவிட்டுத் திரும்பிய மறுநாள் நான் பிறந்தேனாம். அவள் சொன்ன அர்த்தம்தான் எனக்குப் பிடிக்கும். "அவகிட்ட வாயத் தொறந்து கேக்க வேணாம்டி. அவளே பாத்துத் தெரிஞ்சுக்குவா."

இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு இதில் ஒரு குட்டு விழப்போகிறது.

3

பதினேழு வயதில் கல்யாணம். என் வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம். ஏகாம்பரத்துக்குக் காமாட்சி என்று ஊரே சிரித்தது. அவர் பெயரை இங்கே எழுதுகிறேனே தவிர, இன்றுவரை வாயால் சொன்னதில்லை. மாமியார் பெயரும் அப்படித்தான். வாயால் சொல்லக்கூடாது, எழுதினால் தோஷமில்லை. எழுத்துக்குள்ள சலுகை நானாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

மாமியார் பெயர் பச்சையம்மாள். பட்டு நெய்கிற வீட்டில் மருமகளாகப் போய்ப் பச்சை என்ற சொல்லை வாயில் எடுக்க முடியாமல் இருப்பது எத்தனை கஷ்டம் தெரியுமா? பச்சை மிளகாயைக் கார மிளகாய் என்பேன். பச்சரிசியைப் பொங்கல் அரிசி என்பேன். அதெல்லாம் ஒப்பேற்றிவிடலாம். சாயம் ஒப்பேற்ற விடாது.

ஒருநாள் கல்யாணச் சேலை ஒன்றுக்குப் பட்டு நூலைக் கொடுத்து, உடலுக்குப் பச்சை, கரைக்கு அரக்கு என்று சாயக்காரரிடம் சொல்லிவிட்டு வரச் சொன்னார் மாமியார். நான் போய், இலை நிறம் என்றேன். என்ன இலை, வெற்றிலையா வேப்பிலையா என்று கேட்டார் அவர். வாழை இலை என்றேன். குருத்தா, முற்றலா என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எதுனா ஒண்ணு போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

நூல் வந்தபோது பழுத்து உதிரப் போகிற வாழை இலையின் நிறத்தில் இருந்தது. மாமியார் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டே நூலைத் திருப்பி அனுப்பி மேல்சாயம் ஏற்றிக்கொண்டார். அதோடு விட்டாரா? ஒரு மாதம் தெருவெல்லாம் அதைச் சொல்லிப் பெருமை அடித்தார். "என் மருமவ பட்டு கெட்டாலும் பரவால்லன்னா, என் பேர மட்டும் வாயில எடுக்கல."

எனக்குப் பிறந்த முதல் பெண்ணுக்கு வழக்கப்படி அப்பாவைப் பெற்றவள் பெயர், பச்சையம்மாள். பெற்ற மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் இல்லை. பெரியவளே என்றேன், பெரிசு என்றேன், கோபம் வந்தால் ஏய் என்றேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு மற்ற அம்மாக்கள் பெயர் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். நான் வாசலில் நின்று கை தட்டுவேன். அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஒருநாள் கேட்டாள்: "நான் இன்னா மாடா, கை தட்டிக் கூப்பிடறே?"

மாமியார் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆன பிறகும் நாக்கு அந்தப் பக்கம் திரும்பவில்லை. பழகிய நாக்கு.

4

இங்கே கதை தலைகீழ். நம் ஆட்களுக்கு முதலெழுத்தும் பெயரும்தானே உண்டு? இவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் எதுவும் நடக்காது. அதனால் சேகரின் அப்பா பெயரே அவனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. நான் ஐம்பது வருஷம் வாயில் எடுக்காத பெயரைத் தபால் கொண்டு வருகிற பையன் வாசலில் நின்று கூசாமல் கூவுகிறான். முதலில் காதைப் பொத்திக்கொள்வேன். இப்போது கதவைத் திறந்து கவரை வாங்கிக்கொள்கிறேன்.

எனக்குத் தங்கும் அட்டை வாங்கப் போனபோதும் குடும்பப் பெயர் கேட்டார்கள். அம்மாவுக்கு இருப்பது ஒரே பெயர் என்றான் சேகர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காதாம். இரண்டு அதிகாரிகள் கூடிப் பேசி, கடைசியில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்கள். ஆக இந்த தேசத்தில் நான் கோடு காமாட்சி. நம் தெருப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் ரேவதி சின்ன காஞ்சிபுரத்துப் பெண். அவள் வீட்டிலும் தறி உண்டு. கம்ப்யூட்டர் வேலை, காரும் ஓட்டுவாள், டச்சுக்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே சண்டை போடுவாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் என் மனசில் ஒரு முள் இருந்தது.

என் பெண்கள் மூன்று பேரும் அவரவர் மாமியார் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அதுதான் முறை. என் பெயர் போவதாக இருந்தால் சேகரின் பெண்ணுக்குத்தான் போக வேண்டும். மூத்தவள் பிறந்தபோது நான் காஞ்சியில் இருந்தேன். போனில் பெயர் சொன்னார்கள்: நிலா. நல்ல பெயர்தான் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

இங்கே வந்த பிறகு பார்த்தேன். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த காமாட்சி விளக்கை ரேவதி "அந்த விளக்கு" என்பாள். நம் கோவிலை "அம்மன் கோவில்" என்பாள், பெயர் வராது. யாராவது என் பெயரைக் கேட்டால் நிலாவைப் பார்ப்பாள், நிலா சொல்லும். சரி, அவளுக்கு இந்தப் பெயர் பட்டிக்காடாகத் தெரிகிறது, சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். நானாகக் கட்டிய முடிவு.

5

போன வருஷம் ரேவதிக்கு இரண்டாவது பெண் பிறந்தது. வயது நாற்பதைத் தொட்டுவிட்டது, இதோடு போதும் என்று முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே என் பெயருக்கு இதுதான் கடைசிப் பேருந்து.

இந்த தேசத்தில் பிள்ளை பிறந்து மூன்று நாளைக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பெயரோடு பதிந்தாக வேண்டும். தீட்டுக் கழிய வேண்டும், தொட்டில் போட வேண்டும் என்பதெல்லாம் செல்லாது. மூன்று நாள். சேகர் கம்ப்யூட்டரில் நாற்பது பெயர் எடுத்து வைத்திருந்தான். எல்லாம் இரண்டெழுத்து, மூன்றெழுத்து, தும்மினால் வருகிற மாதிரி. அதில் என் பெயர் இல்லை. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள இங்கே ஒரு நர்ஸை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். காலையில் வந்து பகலெல்லாம் இருந்து, ஒரு வாரத்துக்கு மேல் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு வந்தவள் பெயர் ஆன்னெக்கா, ஐம்பது வயது இருக்கும். வந்ததும் வராததுமாக ஜன்னலைத் திறந்தாள். பச்சை உடம்புக்காரிக்குக் குளிர் காற்றா? நான் மூடினேன். அவள் திறந்தாள். அவள் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைக் குளிரக் குளிர எடுத்து வந்தாள். நான் பூண்டுக் குழம்பும் சுடுசாதமும் எடுத்து வந்தேன். இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு ரேவதி என் தட்டை எடுத்துக்கொண்டாள். எனக்கு ஒரு படி ஏறின மாதிரி இருந்தது.

ஆனால் நல்ல மனுஷி. இரண்டாம் நாள் எல்லோருக்கும் ஒரு பலகாரம் செய்து கொடுத்தாள். மொறுமொறு ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே வெள்ளையும் ரோஸ் நிறமுமாக உருண்டைகளைத் தூவினாள். வாயில் போட்டால் நம் சீரக மிட்டாய். பெண் பிறந்தால் இங்கே இதைத்தான் கொடுப்பார்களாம். சீரக மிட்டாய் தின்கிற தேசம் மோசமாக இருக்காது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

தின்றுகொண்டே ஆன்னெக்கா கேட்டாள், குழந்தைக்கு எந்தப் பாட்டியின் பெயர் என்று. நிலா எனக்குத் தமிழில் சொன்னது. அந்தக் காலத்தில் இவர்களும் பாட்டி பெயரைத்தான் வைப்பார்களாம். ஆன்னெக்காவுக்கே பத்திரத்தில் இருப்பது பாட்டியின் பெயர், யோஹன்னா. வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். இப்படிப் பத்திரத்துக்கு ஒன்று, கூப்பிட ஒன்று என்று வைப்பது இங்கே சகஜம்.

பிறகு, இந்தப் பாட்டியின் பெயர் என்ன என்று ரேவதியைப் பார்த்துக் கேட்டாள். ரேவதி பேசாமல் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. வாயால் சொல்லக்கூட மனம் வரவில்லையே இவளுக்கு என்று எழுந்து அடுப்புப் பக்கம் போனேன். நிலா என் பின்னாலேயே வந்தது. ஏன் ஆயா மூஞ்சி இப்படி இருக்கிறது என்று கேட்டது. ஒன்றுமில்லை என்றேன். அது சிரித்தது.

"அம்மா உங்க பேர எப்பவுமே எழுதித்தான் காட்டுவாங்க ஆயா. ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ வரைஞ்சப்பகூட எழுதித்தான் குடுத்தாங்க. வாயால சொன்னா மரியாதை இல்லையாம். அவங்க ஆயா சொல்லிக் குடுத்தாங்களாம்."



அந்த விளக்கு, அம்மன் கோவில், நிலாவைப் பார்க்கிற பார்வை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒன்பது வருஷமாக என் மருமகள் இலை நிறம், கார மிளகாய் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கார் ஓட்டுகிற பெண் இதையெல்லாம் பார்ப்பாள் என்று எனக்கு எட்டவே இல்லை. என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக் கொண்டாடிய மரியாதையை நான் முள் என்று மனசில் வைத்திருந்தேன். கேட்காமலே பார்த்துத் தெரிந்துகொள்கிறவள் என்று பெயர் வேறு. அம்மா சொன்ன அர்த்தத்தை நான் இத்தனை வருஷம் சும்மாதான் சுமந்துகொண்டிருந்தேன்.

6

அன்று மாலை ரேவதி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஏன்மா நிலாவுக்கு என் பெயரை வைக்கவில்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டேன். அவள் பதறிப்போனாள். வைக்க ஆசைதான், ஆனால் வைத்தால் தினமும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆகுமே, திட்டினால் உங்களைத் திட்டின மாதிரி ஆகுமே என்றாள். நீங்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, உங்களுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை போல என்று நினைத்தேன் என்றாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு இப்படி இருந்திருக்கிறோம்.

சேகர் உடனே வழி சொன்னான். ஆன்னெக்கா மாதிரி செய்துவிடலாம், பத்திரத்தில் காமாட்சி, வீட்டில் மினி. எல்லோருக்கும் சந்தோஷம் என்றான். ரேவதிக்கும் அது சரியாகப் பட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பெயர் பத்திரத்தில் ஏறிவிடும். இத்தனை நாள் ஆசைப்பட்டது அதுதானே? ஆனால் கண்ணை மூடினால் பள்ளிக்கூட வாசலில் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் காலை சேகர் கோட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். குழந்தையை மடியில் வைத்திருந்த ரேவதியிடம் சொன்னேன்.

"இங்க பாரும்மா. என் பேரு வெக்கறதா இருந்தா நீ அவள அந்தப் பேரு சொல்லித்தான் கூப்பிடணும். கொஞ்சினாலும் அதே பேரு, திட்டினாலும் அதே பேரு. பெத்தவ வாயில வராத பேரு புள்ளைக்கு எதுக்கு? முடியலன்னா மினின்னே எழுதிக்கினு வரட்டும். எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல."

நிஜமாகவே கோபம் இல்லை. போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

ரேவதி என்னைப் பார்த்தாள், சேகரைப் பார்த்தாள். கா என்றாள், நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பு இல்லை அவளிடம், கையிலிருந்த குழந்தைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி கா என்றாள். சேகர் கடிகாரத்தைப் பார்த்தான். நிலா சோபாமேல் ஏறி நின்றுகொண்டு, "இன்னும் மூணு லெட்டர்தாம்மா" என்று விரல் காட்டியது. ஆன்னெக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் ரொட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

நான் முகத்துக்கு நேரே நின்றால் அவளுக்கு வராது என்று தெரிந்தது. எனக்கு வந்திருக்காதே. குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அடுப்பில் குழம்பே இல்லை.

 பிறகு மெதுவாக, குழந்தையின் காதுக்கு மட்டும் சொல்வது போல வந்தது.

"காமாட்சி."

"இன்னாம்மா?" என்றேன் நான், திரும்பி.

பழக்கம்தானே. ஆனால் அப்படி என்னை யாரும் கூப்பிட்டே எத்தனை வருஷம் ஆயிற்று! என் வீட்டுக்காரர்கூட இந்தாடி என்பதோடு சரி. ரேவதி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. இந்தமுறை சத்தமாகவே, "அழாதடி காமாட்சி" என்றாள். சேகர் ஓடினான்.

அலுவலகத்தில் நாலு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னானாம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏகாம்பரம். ஆக அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் காகிதத்தில் அவரும் நானும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம்.

7

அன்று மத்தியானம் காஞ்சிக்குப் போன் போடச் சொன்னேன். என் மூத்த பெண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது, பேரன் எடுத்துவிட்டாள். ரேவதி சொல்லிவிட்டாள், நான் சொல்லாமல் இருந்தால் அது நியாயமா? மாமியாரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். மறுமுனையில் எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"பச்சையம்மா."

 "யாருங்க பேசறது?" என்றாள்.

நான்தான் என்றேன். உடம்பு ஏதாவது சரியில்லையா அம்மா என்று பயந்துபோய்க் கேட்டாள். உடம்பு நன்றாக இருக்கிறது, உன்னைக் கூப்பிட்டேன் என்றேன். "இன்னொரு தபா கூப்பிடு" என்றாள். கூப்பிட்டேன். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை, பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அதற்காகவே போன் செய்கிறாள்.

பச்சை மிளகாயை மட்டும் இன்னும் கார மிளகாய் என்றுதான் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட முடியுமா?

8

இப்போது இந்த வீட்டில் நாள் முழுக்க என் பெயர்தான். "காமாட்சி, அத வாயில வெக்காத" என்று ரேவதி கத்துவாள், நான் தின்றுகொண்டிருக்கும் முறுக்கைக் கீழே வைப்பேன். "காமாட்சி, ஆ காட்டு" என்பாள், எனக்கும் வாய் திறக்கும். விளக்கேற்றுகிற நேரத்தில் "காமாட்சி விளக்குல எண்ணெய் இருக்குதா அத்தை?" என்று முழுசாகக் கேட்கிறாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள், அது போகாது போலிருக்கிறது.

ஆன்னெக்கா நாளை மறுநாள் வருகிறாள். ரொட்டியும் சீரக மிட்டாயும் அவள் பொறுப்பு, கேசரி என் பொறுப்பு. ஜன்னல் விஷயத்தில் பாதி திறப்பது என்று உடன்பாடு.

நிலாவைப் பற்றி ஒரு வார்த்தை. அது தமிழ் பேசும், ஆனால் கோபம் வந்தால் டச்சுதான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். தங்கைக்கு ஆயா பெயர், எனக்கு மட்டும் யார் பெயரும் இல்லையா என்று போன வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. உன் பெயர் யாரிடமிருந்தும் வாங்கியதல்ல, புதுசு, நாளைக்கு உன் பேத்திக்கு நீதான் கொடுக்க வேண்டும் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றது.

எழுதியது போதும், விரல் வலிக்கிறது. நிலா, இங்கே வா. கண்ணாடி போட்டும் எனக்கே என் எழுத்து தெரியவில்லை. முதலிலிருந்து சத்தமாகப் படி. என் பெயர் வருகிற இடமெல்லாம் உள்ளே இருக்கிற உன் அம்மா காதில் விழுகிற மாதிரி படி. நடுவில் நான் "இன்னாம்மா" என்றால் நிறுத்தாதே, நீ பாட்டுக்குப் படித்துக்கொண்டே போ.